புதுக் காரும் பழைய துவாயும்



2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட நாள் முதல் எங்களிடம் ஒரே கேள்விதான் வருகிறது. பாடசாலை ஓய்வறையில், பள்ளிவாசல் முற்றத்தில், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுச் சஹனில் கூட அதே கேள்வி. "புதுக் கார் ஒன்று எடுக்கப் போறம். எது நல்லம்?"

எது நல்லம் என்று எங்களுக்குத் தெரியாது. கணவன் மனைவி இரண்டு பேருமே ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் ஆரம்பப் பிரிவு. காரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் காரிடம் அடிபட்டுப் படித்ததுதான். ஆனால் எப்படி வாங்கக் கூடாது, வாங்கிய பிறகு பிழைத்துப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். அதற்கான படிப்புக் காசை மாதம் 45 ஆயிரம் வீதம் கட்டியிருக்கிறோம்.

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு வாசியுங்கள். கம்பனியின் பேரைக் கேட்டு இன்பொக்ஸுக்கு வராதீர்கள், சொல்ல மாட்டோம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

2019 ஜூலையில்தான் அந்தக் காரை எடுத்தோம். சின்ன செடான். பெட்டி உடைக்காத புதுசு. விலை 39 இலட்சம். வாப்பா சம்மாந்துறைப் பக்கம் வைத்திருந்த வயலில் எங்கள் பங்கை விற்று, கையிலும் கழுத்திலும் இருந்ததைச் சேர்த்து, பாதியைக் கையில் கட்டினோம். மீதி ஐந்து வருட லீசிங். பழைய ரீகண்டிஷன் வாகனம் எடுத்திருந்தால் பத்து இலட்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் வாப்பாவுக்கு இருதய வருத்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்டிக்குக் கிளினிக் போக வேண்டும். இருநூறு கிலோமீற்றர் சொச்சம். வழியில் நிற்காத வாகனமாக இருக்கட்டும் என்றுதான் புதுசு எடுத்தோம். "புதுசு எண்டா ஒரு நிம்மதி" என்று உம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கார் வந்த அன்று தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். சீட்டில் போட்ட பொலித்தீனை ஒரு மாதம் நாங்கள் கழற்றவில்லை. பின்னால் நினைத்துப் பார்த்தால், அதைக் கழற்றி, கார்பெட்டையும் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வானம் வெள்ளை. ஒக்டோபர் கடைசி, நவம்பரில்தான் வாடைக் காற்றோடு மழை பிடிக்கும். ஆக, கார் முதல் நாலு மாதம் ஒரு நல்ல மழையைக் கூடக் காணவில்லை. நவம்பர் முதல் கிழமை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் கதவைத் திறந்தால், ஈர நெல் மூடை அவிந்த மாதிரி ஒரு வாடை. பின்சீட்டுக் காலடியில் கையை வைத்தால் கார்பெட் மேலே காய்ந்துதான் இருந்தது. அழுத்தினால் விரலுக்கிடையில் தண்ணீர் வந்தது.

சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அது எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம். அங்கிருந்த தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், இது ஏசித் தண்ணி. இல்லாட்டி நீங்க கழுவக்க உள்ளுக்குப் போயிருக்கும். இந்த மொடலுக்கு இது நோர்மல்."

உள்ளே காய வைத்து, வாசனை அடித்துத் தந்தார்கள். நாங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. மறுபடியும் போனோம். மூன்றாம் தடவை "கடற்கரைப் பக்கத்து ஆக்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் காரைக் கடலுக்குள் விட்டதில்லை.

அன்றிலிருந்து பின்சீட்டுக் காலடியில் வீட்டுப் பழைய துவாய் ஒன்று குடியேறியது. புதுக் காரில் பழைய துவாய். பாடசாலையில் ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், கார் குளிக்கிறதா?"

அந்த டிசம்பர் விடுமுறையில் வாப்பாவைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். மஹியங்கனை தாண்டி, ஹஸலக்கவுக்குப் பிறகு பதினெட்டு வளைவு ஏற்றம். போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவுக்கும் இலக்கம் போட்டிருக்கும். நாங்கள் பாதிக்கு மேல் ஏறியிருப்போம். டாஷ்போர்டில் சிவப்பு வெளிச்சம் ஒன்று பற்றியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கார்களில் எஞ்சின் சூட்டைக் காட்ட ஒரு ஊசி இருக்கும். சூடு ஏற ஏற ஊசியும் ஏறும், நாங்களும் முன்கூட்டியே அறிந்துகொள்வோம். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் அந்த ஊசி இல்லை. குளிராக இருந்தால் நீல வெளிச்சம், கொதித்தால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு பற்றும்போது நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. பின்னால் பஸ் ஹோர்ன். வாப்பா வெளியே இறங்கிக் கல்லொன்றில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையை நாக்குக்குக் கீழே வைத்துவிட்டு "எனக்கொண்டுமில்ல, நீங்க காரப் பாருங்க" என்கிறார். முகம் சாம்பல். போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. மூத்த மகள் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த நாற்பது நிமிடத்தை நாங்கள் இருவரும் இன்னும் வீட்டில் பேசுவதில்லை.

மரக்கறி லொறி ஒன்றில் வந்த சிங்களச் சகோதரர் ஒருவர்தான் நிறுத்தினார். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கப் போன எங்களை ஒரு அதட்டு அதட்டி நிறுத்தியவரும் அவர்தான். கொதிக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்துக்குப் பாயும். இதை ஒன்பதாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறவரே மறந்துபோன நேரம் அது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மெதுவாகத் தண்ணீர் விட்டு, எங்களைப் பின்தொடர்ந்து ஹுன்னஸ்கிரிய வரை வந்துவிட்டுத்தான் போனார். காசு நீட்டினோம், வாங்கவில்லை.

கண்டியில் ஒரு சாதாரண கராஜில் காட்டினோம். அந்த பாஸ் டோர்ச் அடித்து ஐந்து நிமிடத்தில் காட்டினார். வோட்டர் பம்புக்குக் கீழே வெள்ளையும் ரோசாவுமாகக் காய்ந்துபோன உப்புப் படலம். "சேர், இது இன்டைக்கு வந்ததில்ல. மாசக் கணக்கா கசியுது. சூட்டுல காஞ்சு போறதால நிலத்துல சொட்டு விழாது. உங்களுக்குத் தெரியாது." கூலன்ட் குறைகிறது என்று நாங்கள் நவம்பரிலேயே சேவை நிலையத்தில் சொல்லியிருந்தோம். ஊற்றி நிரப்பிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் கோபத்தோடு கோப்பைத் திறந்தோம். எல்லாத் தடவையும் தந்த ஜொப் கார்ட்டை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தோம், ஆசிரியர் பழக்கம். ஒவ்வொன்றாக வாசித்தோம். முதல் தடவை: உட்புறச் சுத்தம். இரண்டாம் தடவை: உட்புறச் சுத்தம், வாடிக்கையாளர் வேண்டுகோளின்படி. மூன்றாம் தடவை: உட்புறச் சுத்தம், கூலன்ட் நிரப்பியது.

தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஒரு இடத்திலும் இல்லை. கூலன்ட் குறைகிறது என்று ஒரு இடத்திலும் இல்லை. மூன்று தடவையும் கீழே எங்கள் கையெழுத்து. கடதாசியின்படி பார்த்தால், எங்கள் காரில் ஒரு குறையுமில்லை. நாங்கள் அடிக்கடி காரைக் கழுவக் கொடுக்கிற சுத்தக்கார ஆக்கள்.

பிள்ளைகளுக்கு "வாசித்துவிட்டுக் கையெழுத்து வை" என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். வெட்கமாகப் போய்விட்டது.

சட்டத்தைத் தேடினோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குறையுள்ள பொருளை விற்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் வாங்கியது ஜூலை. மழை வந்தது நவம்பர். எங்கள் ஊர் வானம் அந்த மூன்று மாதத்தையும் சாப்பிட்டுவிட்டது.

அமெரிக்காவில் இப்படிக் கைவிட்ட புதுக் கார்களை "லெமன்" என்பார்களாம். 1982 இல் கனெக்டிகட் மாநிலம் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் கொண்டு வந்தன. திருத்தித் திருத்தியும் சரிவராத காரைக் கம்பனி திருப்பி எடுக்க வேண்டும். எங்கள் நாட்டில் காருக்கென்று அப்படித் தனிச்சட்டம் இல்லை. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் அதன் பாவனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போக எங்களிடம் காசும் இல்லை, லீவும் இல்லை.

அந்த நேரம்தான் மருதமுனையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே எங்கள் காரைப் போலவே ஒரு கார், அதே நிறம். அதன் பொனட்டில் ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

காருக்குச் சொந்தக்காரர் கைத்தறி வியாபாரி. அவரைத் தேடிப் பிடித்தோம்.

"காக்கா, உங்கட காருக்குள்ளயும் தண்ணி வருதா?"

அவர் எங்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ், எனக்கு மட்டும்தான் எண்டு நெனச்சன். என்ட பொஞ்சாதி நான் கண்ணாடிய மூடாம விடுறன் எண்டு ஆறு மாசமா ஏசுறா" என்றார்.

அவர் மூலம் அக்கரைப்பற்றில் ஒரு பாமசிக்காரர். அவர் மூலம் மட்டக்களப்பில் ஒரு வங்கி உத்தியோகத்தர், தமிழர். அம்பாறையில் விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்யும் ஒரு சிங்களச் சகோதரி. ஐந்து கார்கள். ஒரு வட்ஸ்அப் குழு. குழுவுக்கு "துவாய்" என்று பேர் வைத்தது வங்கிக்காரர்.

ஐந்து பேரும் வாகனப் புத்தகத்தைப் பார்த்து சேஸிஸ் இலக்கத்தை எழுதினோம். பதினேழு எழுத்தும் இலக்கமும். நாலு கார்களுக்குக் கடைசி இலக்கங்கள் மட்டும்தான் வித்தியாசம். அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் வந்த வண்டிகள். ஒருவர் கழுவும்போது தண்ணீர் போகலாம், இன்னொருவர் கண்ணாடி மூட மறக்கலாம். ஒரே வரிசையில் வந்த நாலு கார்களுக்கும் அதே இடத்தில் தண்ணீர் வந்தால் அது ஓட்டுனரின் பிழை இல்லை.

எங்கள் வீட்டு விஞ்ஞானக்காரர் ஒரு சோதனை செய்தார். கார்பெட்டுக்குக் கீழே காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்தார். பூக்கன்றுக்கு ஊற்றும் வாளியால் ஒரு நேரத்தில் ஒரு கதவுக்கு மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு தாளைப் பார்த்தார். முன் இடப்பக்கம் காய்ச்சல். முன் வலப்பக்கம் ஈரம். பின் இடப்பக்கம் தொப்பை. மகள் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். மற்ற நாலு வீட்டாரும் அதே மாதிரிச் செய்தார்கள்.

காரணத்தை ஊர் பாஸ் ஒருவர் கதவின் உள்பலகையைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் எல்லாக் காரிலும் கதவுக்குள் போகத்தான் செய்யும். அது கதவின் அடியிலுள்ள துவாரத்தால் வெளியே போய்விடும். உள்பக்கம் வராமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். எங்கள் காரில் அந்தத் தாள் பாதிக்கு ஒட்டவே இல்லை. பசை போடுகிற இடத்தில் பசை இல்லை. 39 இலட்சம் ரூபா காருக்குள் பத்து ரூபாப் பசை போடாத குறை.

பத்து ரூபாக் குறைதானே என்று நினைக்காதீர்கள். ஓட்டுனர் சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு வயர் இணைப்பு இருக்கிறது. மஞ்சள் என்றால் எயார்பேக் சம்பந்தப்பட்டது. அது மாதக்கணக்கில் ஈரக் கார்பெட்டில் கிடந்து பச்சைப் பூசணம் பூத்திருந்தது. ஜனவரியில் எயார்பேக் வெளிச்சம் பற்றி அணையாமல் நின்றது. அந்த வெளிச்சம் அணையாவிட்டால், அடிபடும் நேரம் பலூன் விரியும் என்று நம்ப முடியாது. அதாவது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிற காரில், ஆபத்துக்கு என்று வைத்த சாமான் இருக்கிறதோ இல்லையோ தெரியாது.

2020 பெப்ரவரியில் ஐந்து பேரும் ஒரு கடிதம் எழுதினோம். ஒரே பக்கம். கோபச் சொல் ஒன்றும் இல்லை. முதல் வரைவில் இருந்தது, அம்பாறைச் சகோதரி வெட்டிவிட்டார். "கோபத்த வாசிச்சா அவங்க கோபத்துக்குப் பதில் எழுதுவாங்க. இலக்கத்த வாசிச்சா இலக்கத்துக்குப் பதில் எழுதணும்" என்றார். சேஸிஸ் இலக்கம், வாங்கிய திகதி, ஓடிய கிலோமீற்றர், சேவை நிலையம் போன திகதிகள், படங்கள். கடைசியில் மூன்று கோரிக்கை: கதவுகளைச் சரிசெய்ய வேண்டும், பம்பை மாற்ற வேண்டும், எயார்பேக் வயரை மாற்ற வேண்டும். பதில் எழுத்தில், பதினாலு நாளுக்குள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பதிவுத் தபாலில் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்பினோம்.

மாதக்கணக்காக "நோர்மல்" என்று சொன்ன கம்பனி பன்னிரண்டாம் நாள் பதில் போட்டது. குறை என்று ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லெண்ண அடிப்படையில்" என்று எழுதியிருந்தார்கள். மார்ச் முதல் கிழமை இரண்டு பேர் வந்து ஐந்து காரின் கதவுகளையும் கழற்றிப் புதுத் தாள் ஒட்டினார்கள், பம்பை மாற்றினார்கள். நல்ல பிள்ளைகள். அதில் ஒருவர் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "சேர், நீங்க அஞ்சு பேரும் சேராட்டி எங்கள அனுப்பியிருக்க மாட்டாங்க."

எயார்பேக் வயர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதே மாதம் ஊரடங்கு. வாகன இறக்குமதியும் நின்றது. வயர் வந்தது அந்த வருடக் கடைசியில். அதுவரை பிள்ளைகளை முன் சீட்டில் ஏற்றவில்லை.

இங்கே முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. நாங்கள் எழுத நினைத்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

இறக்குமதி நின்றதால் நாட்டில் இருந்த பழைய வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறத் தொடங்கியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். வாங்கிய விலையை விட விற்கிற விலை கூடிப்போன காலம். 2022 தொடக்கத்தில் எங்கள் காருக்கு 62 இலட்சம் தரத் தயாராக ஆள் வந்தது. அதே நேரம் வாப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டொக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை. தனியாரில் செய்தால் பெரிய காசு. காரை விற்றால் லீசிங்கை முடித்து, சத்திரசிகிச்சையையும் செய்து, கையிலும் மிஞ்சும்.

ஒரேயொரு பிரச்சினை. ஒட்டிய தாள் ஒரு மாரிக்கு நின்றது. இரண்டாம் மாரியில் பின் இடப்பக்கம் மறுபடி கசியத் தொடங்கியிருந்தது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். அடித் தகட்டில் உள்ளங்கை அளவுக்குத் துரு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார்பெட் காய்ந்து, சுத்தமாக, புதுசு மாதிரி.

வாங்க வந்தவர் எங்களைப் போல ஒரு ஆசிரியர். இளம் பிள்ளை. மனைவி கர்ப்பிணி. அது பெப்ரவரி கடைசி, மழை ஓய்ந்துவிட்டது. அடுத்த மழை ஒக்டோபரில்தான். நாங்கள் வாங்கியபோது எப்படியோ அப்படியே.

முதல் நாள் இரவு இரண்டு பேரும் நித்திரை கொள்ளவில்லை. ஒருவர் சொல்வதற்கு மற்றவர் நியாயம் கண்டுபிடித்தோம். "அவர் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் எதற்கு?" "எங்களுக்குக் கம்பனி சொல்லித்தா வித்தது?" "நாங்க நகைக்காகவா விக்கிறம்? வாப்பாட உசிருக்குத்தானே." எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சேவை நிலையத்துத் தம்பி "நோர்மல்" என்று சொன்னபோது அவருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும்.

சுபஹுக்குப் பிறகு வாப்பாவிடம் போய்ச் சொன்னோம். வாப்பா நாற்பது வருடம் நெல் வியாபாரம் செய்தவர். நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்வார். நெல் சந்தைப்படுத்தும் சபை பதினாலு வீத ஈரத்துக்கு மேல் எடுக்காது. மெஷின் காட்டுவதை வாப்பாவின் பல் முதலே காட்டிவிடும்.

"மூடைக்கு நடுவுல ஈர நெல்ல வெச்சு, சுத்திவர காஞ்ச நெல்லப் போட்டுத் தைக்கிற ஆக்கள் இருந்தாங்க" என்றார். "நானும் ஒருக்காச் செஞ்சிருக்கன். உங்கட உம்மாக்கும் தெரியாது. இருவது மூடை. அந்தக் காசில வாங்கின மாடு இன்னும் என்ட கனவில வருது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிப்போட்டு வில்லுங்க. எனக்கு வரிசையில நிக்கத் தெரியும்" என்றார்.

மதீனாவின் சந்தையில் நபியவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே, ஆட்கள் பார்த்து வாங்க, என்று கேட்டார்கள். ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று படித்திருப்பீர்கள்: விற்கும்போதே இருந்த குறை பின்னால் தெரியவந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. கம்பனி எங்களுக்கு அதைத் தரவில்லை என்று எத்தனை தடவை பேசியிருப்போம். அன்று காலைதான் அந்தச் சம்பவத்தில் நாங்கள் நிற்கிற இடம் மாறியிருப்பது விளங்கியது. குவியல் இப்போது எங்களுடையது.

அந்தத் தம்பி வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கோப்பைத் தூக்கி மேசையில் வைத்தோம். கார்பெட்டைத் தூக்கிக் காட்டினோம். அவர் குனிந்து துருவை விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"சேர், இதக் காட்டாட்டி நான் கண்டிருக்க மாட்டன்."

"தெரியும்" என்றோம்.

அவர் வாங்கவில்லை. வாகன வியாபாரி ஒருவர் வந்து, துருவைக் காட்டியும் பரவாயில்லை, 50 இலட்சத்துக்குத் தாருங்கள் என்றார். அவர் அதை யாருக்கு, எப்படி விற்பார் என்று கேட்டோம். "அது எங்கட வேல சேர்" என்றார். கொடுக்கவில்லை. இதை எங்கள் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வியாபாரி போன பிறகு ஒரு கிழமை நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. 50 இலட்சம் வாசலால் போவதைப் பார்ப்பது லேசான விஷயமில்லை.

வாப்பா வரிசையில் நின்றார். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை. கியூஆர் வந்த பிறகு கிழமைக்கு இருபது லீற்றர். இரண்டு கிழமை ஓடாமல் சேர்த்து வைத்து, வங்கிக்காரரும் மருதமுனைக் காக்காவும் ஆளுக்குக் கொஞ்சம் தந்து, அந்தப் பெற்றோலில்தான் கண்டிக்குப் போனோம். பதினெட்டு வளைவும் ஏறினோம். சிவப்பு பற்றவில்லை. செப்டெம்பரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இன்னும் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறார், காலடியில் துவாயோடு.

இனி, புதுசு எடுக்கப் போகிறவர்களுக்கு நாங்கள் படித்தது.

காரை எடுக்கும் அன்றே, காசைக் கட்டி முடிக்க முதல், கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். நாலு கதவுக்கும் கண்ணாடிக்கும் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

வாங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் மழை வராவிட்டால் நீங்களே மழையை உண்டாக்குங்கள். ஒரு ஏற்றத்தில் ஓட்டுங்கள். இரவில் ஓட்டுங்கள். குறை இருந்தால் அந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அதிகார சபையின் இலக்கம் 1977.

ஜொப் கார்ட்டில் உங்கள் முறைப்பாட்டை உங்கள் வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். "தண்ணீர் உள்ளே வருகிறது" என்றால் அதே மாதிரி. எழுதாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். திகதியும் கிலோமீற்றரும் போட்டுப் பிரதி எடுங்கள்.

கூலன்ட் போத்தலின் கோட்டை மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சீல் பண்ணிய ஒன்று தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ போகிறது. காருக்குள் காணும் தண்ணீர் நிறமில்லாமல் வாடையில்லாமல் இருந்தால் ஏசியோ மழையோ. இனிப்பு வாடையும் நிறமும் இருந்தால் கூலன்ட்.

எயார்பேக் வெளிச்சத்தை அசட்டை செய்யாதீர்கள். ரீகண்டிஷன் எடுக்கிறவர்களும் சேஸிஸ் இலக்கத்தைக் கொடுத்து, தகாட்டா எயார்பேக் திருப்பியழைப்பில் அந்த வண்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்குள் இருந்த வெடிமருந்து பழுதாகியதற்குக் காரணம் சூடும் ஈரப்பதனும். எங்கள் கரையோரத்தில் இரண்டும் தாராளமாக இருக்கிறது.

உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அதே காரை வைத்திருக்கிற இன்னும் நாலு பேரைத் தேடுங்கள். தனியாகப் போனால் உங்களைச் சந்தேகக்காரர் என்பார்கள். ஐந்து பேராகப் போனால் காரைப் பார்ப்பார்கள்.

கம்பனியின் பேரை ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் அந்தப் பேரை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்த ஷோரூமில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பீர்கள். பசை போடாத கை எந்தப் பேருக்குக் கீழும் இருக்கும். தவிர, பிந்தியாவது அவர்கள் வந்து கதவைக் கழற்றினார்கள்.

அன்று வாங்காமல் போன தம்பி போன மாதம் போன் எடுத்தார். புதுக் கார் ஒன்று பார்த்திருக்கிறாராம். "சேர், டீச்சர், நீங்க ரெண்டு பேரும் வரணும். எனக்குக் கார்பெட்டத் தூக்கிப் பாக்கத் தெரியாது." போனோம். ஒரு மணித்தியாலம் ஷோரூம்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டு வந்தோம். அவருடைய மகளுக்கு இப்போது மூன்று வயது. எங்கள் காரில்தான் திரும்பி வந்தாள், வாப்பாவின் மடியில்.

இறங்கும்போது துவாயைக் காட்டி, "இது ஆருட?" என்று கேட்டாள்.

உங்கள் காரிலும் ஒரு துவாய் இருந்தால் கீழே எழுதுங்கள். மொடலையும் வருடத்தையும் போடுங்கள். ஆள் சேர்ப்போம்.

வஸ்ஸலாம்.